அப்பாவின் பெல்ட் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது

ஓபர்மூஸ்பாக், 12 ஏப்ரல் 1987

தம்பி ஆண்டெர்லுக்கு அக்கா புர்கல் எழுதுவது.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி மக்தலேனா நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். நகரத்து ஆஸ்பத்திரியில் வேலையும் ஆயிற்று. கோர்பினியான் தச்சுப் பட்டறையில் செய்த நாற்காலி மேல் அவன் முதலாளியே ஏறி நின்று ஆட்டிப் பார்த்தாராம். ஆடவில்லை. அவர் எடை நூறு கிலோ. ஃபைட் பனிச்சறுக்குப் போட்டியில் மூன்றாவது. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று நீ கேட்பாய், நானே சொல்கிறேன்: நாலு பேர். ஒருவன் விழுந்துவிட்டான். இருந்தாலும் மூன்றாவது மூன்றாவதுதான். கடைக்குட்டி ஆஃப்ரா ஆறு வயதில் உரமூட்டையில் இருக்கும் அத்தனை எழுத்தையும் நிறுத்தாமல் வாசிக்கிறாள். ஐந்தாவதோடு நின்ற பாட்டியை முதல் வகுப்பிலேயே தாண்டிவிட்டாள்.

நானும் மாடுகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதே, கால் துருப்பிடித்துவிடும்.

கூடத்துச் சுவரில் இருக்கும் உன் போட்டோவில் உனக்குத் தலை நிறைய முடி இருக்கிறது. ஆஃப்ரா "இது யாரு?" என்று கேட்கிறாள். புதிதாக ஒன்று அனுப்பு. தனியாக எடுத்ததாக இருந்தால் வசதி. சட்டம் சின்னது.

உன் அக்கா
புர்கல்


லூடன்ஷைட், 26 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். முழங்கால் மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது, மற்றபடி குறையில்லை. வீட்டில் எல்ஃப்ரீடெ உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

ஒரு முக்கியமான விஷயம். முப்பத்துநாலு வருஷம் தொழிற்சாலையில் பக்கிள் அடித்த கை எனக்கு. பழைய ராணுவப் பெல்ட், பக்கிள், தோட்டாப் பை சேகரிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே எங்கள் சங்கம் அக்டோபரில் நகர மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்துச் சாமான் மட்டும். அதற்கடுத்த போர்க்காலத்துக் கோணல் சிலுவை, நாஜிச் சின்னம் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்தின் விதி. இந்த வடக்கத்திப் பிரஷ்யப் படைக்கு நாலு மேசை. நம் தெற்கத்திப் பவேரியப் படைக்கு ஒன்று, அது என் பொறுப்பு. அதன் நடுவில் அப்பாவின் பெல்ட்டை வைக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. கிரீடமும் "விசுவாசத்தில் உறுதி" என்ற எழுத்தும் உள்ள நம் பவேரியப் பக்கிள்.

இந்த ஊரில் இன்னும் எனக்குப் பெயர் "அந்த பவேரியாக்காரன்" தான். அங்கே நம் ஊருக்கு நான் வந்தால் "பிரஷ்யாக்காரன் வந்துட்டான்" என்பார்கள். ஒரு மேசையாவது என்னுடையது என்று இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

கவனமாகக் கேள். எண்ணெய் தடவாதே. மினுக்காதே. மடிக்காதே. வெயிலில் வைக்காதே, ஈரம் படவிடாதே. மெல்லிய தாளில் சுற்றி, நீளப் பெட்டியில் போட்டு அனுப்பு. தோட்டாப் பை இருந்தால் அதையும்.

தம்பி
ஆண்டெர்ல்


ஓபர்மூஸ்பாக், 24 மே 1987

தம்பி,

பதில் தாமதமானதற்குக் காரணம் இரண்டு கன்று, ஒரு திருமுழுக்கு, லென்ஸுக்கு முதுகுப் பிடிப்பு. பெற்ற மகனென்றாலும் சொல்கிறேன், பிடிப்பு வைக்கோல் வேலை முடிந்த அன்றே சரியாகிவிட்டது.

தோட்டாப் பையை அனுப்பியிருக்கிறேன். மூன்று அறையும் நன்றாக இருக்கிறது. ஒன்றில் பெப்பர்மிண்ட், ஒன்றில் மாட்டு மடிக்குப் போடும் களிம்பு, ஒன்றில் என் ஜெபமாலை இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். களிம்பு டப்பாவுக்கு இப்போது இடமில்லாமல் ஏப்ரன் பையில் போட்டுத் திரிகிறேன். உனக்காக.

பெல்ட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தபால் வண்டி வந்துவிட்டது.

மக்தலேனாவுக்கு வார்டில் நல்ல பேர். உன் முழங்காலுக்குக் குதிரைத் தைலம் தேய்.

புர்கல்


லூடன்ஷைட், 2 ஜூன் 1987

அன்புள்ள அக்கா,

பை வந்து சேர்ந்தது. மூடியின் உள்பக்கம் 1915, மியூனிக் படைக்கிடங்கு முத்திரை. சுத்தமான பவேரியச் சாமான். அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்ஃப்ரீடெ வந்து மோந்து பார்த்துவிட்டு, "உங்க அப்பா போருக்குப் போனாரா, மிட்டாய்க்கடை வச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

சங்கத்தில் காட்டினேன். ப்ளோகர் என்று ஒருவர், பிரஷ்ய மேசைகளுக்குப் பொறுப்பு. "பை வந்தாச்சு, பக்கிள் எங்க? உங்க ஊர்ல பேன்ட்டு தானா நிக்குமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெல்ட் வரும்போது சிரிக்கட்டும் என்று விட்டேன்.

தபால் வண்டி போயிருக்கும். இப்போது எழுது. பெல்ட்டின் நீளம் எத்தனை சென்டிமீட்டர்? உள்பக்கம் மையால் எழுதிய பெயர் இருக்கிறதா? ஓட்டை எத்தனை? பக்கிளின் பின்பக்கம் தோல்நாக்கு இருக்கிறதா?

அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஜூலை வெயிலில் வைக்கோல் வாரும்போதுகூடக் கையில்லாக் கோட்டின் ஒரு பொத்தானையும் கழற்ற மாட்டாரே. அந்த ஒழுக்கம் யாருக்கு வரும்.

ஆண்டெர்ல்


மேல்மலைக் குடிசை, மேய்ப்பன் கெப்ஹார்டுக்கு. பால்வண்டிக்காரன் கையில். 9 ஜூன்.

கெப்ஹார்ட்,

ரொட்டியும் புகையிலையும் வைத்திருக்கிறேன். லீசல் மாட்டின் மணி வாரைப் பற்றி யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது. அது எங்கள் அப்பாவின் ராணுவப் பெல்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையேறுகிற காலையில் பழைய வார் அறுந்து, பரணில் தொங்கியதை லென்ஸ் எடுத்து மாட்டிவிட்டான். இப்போது வேறு வாரில் மணி கட்டினால் அவள் நகர மாட்டேன் என்கிறாள். அவள் நகராவிட்டால் மற்ற முப்பத்தேழும் நகராது. உனக்குத் தெரியும்.

இரண்டு விஷயம். பெல்ட் தொலையக் கூடாது. பக்கிளின் முகம் எப்போதும் கழுத்தைப் பார்த்தே இருக்கவேண்டும். திரும்பினால் திருப்பிவிடு. எழுத்தைப் படிக்காதே.

புர்கல் பெரியம்மா


ஓபர்மூஸ்பாக், 30 ஜூன் 1987

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். மாடுகள் மலைக்குப் போய்விட்டதால் வீட்டில் என் குரல் மட்டும் கேட்கிறது.

பெல்ட் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. மூடி வைத்தால் தோல் செத்துவிடும் என்று நம் செருப்புத் தைப்பவர் சொல்வார், அதனால் நல்ல காற்றாட வைத்திருக்கிறேன். ஓட்டை எத்தனை என்று கேட்டாய். பழையது நாலு. நான் ஆணியும் சுத்தியலும் வைத்து மூன்று போட்டேன், மொத்தம் ஏழு. நீளம் இப்போது அளக்க முடியாது, உபயோகத்தில் இருக்கிறது.

கட்டிக்கொண்டிருப்பவள் பொறுப்பானவள். முப்பத்தேழு பேரை முன்னால் நின்று நடத்துகிறாள். விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவாள், யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. உடம்புதான் கொஞ்சம் பெருத்த உடம்பு. செப்டம்பர் நடுவில் அவள் கீழே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஃபைட் நீச்சலில் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். இதில் ஐம்பது பேர்.

புர்கல்


லூடன்ஷைட், 12 ஜூலை 1987

அக்கா,

ஆணியும் சுத்தியலுமா? அந்த வரியைப் படித்துவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றேன்.

எல்ஃப்ரீடெதான் கண்டுபிடித்தாள். மக்தலேனா. முப்பத்தேழு பேரை நடத்துவது, விடியலில் எழுவது, நர்ஸ் வேலை. இந்தக் காலத்துப் பெண்கள் ராணுவப் பெல்ட்டை ஃபேஷனாகக் கட்டுகிறார்களாம். ஆனால் அவளைப் போய்ப் பெருத்த உடம்பு என்று எழுதியிருக்கிறாயே, போட்டோவில் ஒல்லியாகத்தானே இருந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு போலிருக்கிறது. அவளிடம் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன், நீ சங்கடப்படாதே. செப்டம்பர் 19, மாடு இறங்கும் நாளுக்கு வருகிறேன்.

அப்பா அடக்கத்துக்குப் பிறகு நான் வரவே இல்லை. வராததற்கு என்ன காரணமென்று நீயும் கேட்டதில்லை, நானும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். ஐம்பத்தைந்தில் எல்ஃப்ரீடெயை முதன்முதலாகக் கூட்டிவந்தேனே. சாப்பாடு முடிந்ததும் பாவம் அவள் தன் சீட்டுக்கட்டை எடுத்து, அவர்கள் ஊர் ஆட்டம் ஸ்காட் சொல்லித்தருகிறேன் என்றாள். "காசு வேண்டாம் மாமா, உங்க இடுப்பு பெல்ட்டை வச்சு ஆடுங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள். அப்பா முகம் வெளுத்து எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனார். எங்கள் ரயில் கிளம்பும்வரை வரவில்லை. சாகும்வரை அவளிடம் பேசவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக, தான் பிரஷ்யாக்காரி, அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படித்தான்.

அந்த வீட்டு வாசலை மிதிக்க அவளுக்கு மனமில்லை. நான் தனியாக வருவேன்.

ஆண்டெர்ல்


மேல்மலை, 10 ஆகஸ்ட்

புர்கல் பெரியம்மாவுக்கு கெப்ஹார்ட்.

புகையிலை முடிந்துவிட்டது. போன வாரம் இடி மழை, மூடுபனி. நாய்கூடக் குடிசைக்குள் வந்துவிட்டது. லீசல் மட்டும் மணியை ஆட்டிக்கொண்டு முப்பத்தேழையும் பாறை விளிம்பிலிருந்து ஒன்றுவிடாமல் கீழே கூட்டிவந்தாள். இந்தக் கோடையில் மந்தையில் ஒரு மாடும் சாகவில்லை. இப்படியே போனால் மலையிறங்கும் நாளில் இந்த வருஷ மலர்முடி அவளுக்குத்தான். ஊரே நின்று அவள் தலையையும் கழுத்தையும் பார்க்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

பக்கிள் தினமும் திரும்பிக்கொள்கிறது. எழுத்தைப் படிக்காதே என்றாய். படிக்காமல் எப்படி இருப்பது, இரண்டு மாதமாக இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லை. பெரியம்மா, இது பிரஷ்யாக்காரன் பக்கிள் ஆச்சே. உங்கப்பா வீரர் சங்கத் தலைவரா பன்னிரண்டு வருஷம் இருந்தவரு, பிரஷ்யாவைத் திட்டாம ஒரு கூட்டத்தையும் முடிக்காதவரு. நான் யாரிடமும் சொல்லவில்லை, மாடுகளைத் தவிர.

புகையிலை அனுப்பவும்.


ஓபர்மூஸ்பாக், 16 ஆகஸ்ட் 1987

தம்பி ஆண்டெர்ல்,

இந்தக் கடிதத்தில் பிள்ளைகள் சேதி கிடையாது. உட்கார்ந்து படி.

பெல்ட் மக்தலேனாவிடம் இல்லை. அவள் ஒல்லியாகத்தான் இருக்கிறாள். அது லீசல் கழுத்தில், மேல்மலையில் இருக்கிறது. லீசல் மாடு. வெயில், மழை, இடி எல்லாம் படுகிறது. நீ செய்யாதே என்று எழுதியதில் மினுக்குவது ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

அந்தப் பக்கிளில் "விசுவாசத்தில் உறுதி" என்று இல்லை. "கடவுள் நம்மோடு" என்று இருக்கிறது. பிரஷ்யக் கிரீடம்.

அம்மா போனபோது எனக்குப் பதினோரு வயது, உனக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உனக்குக் கஞ்சியும் அப்பாவுக்குத் துணியும் பார்த்தேன். ஒருநாள் அவர் கோட்டுக்குப் பொத்தான் தைக்கும்போது பக்கிளைப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமாவின் பக்கிளில் இருந்த எழுத்து வேறு. அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"போர் ஆஸ்பத்திரில மூணு பேருடி. நான், ஒரு பிரஷ்யாக்காரன், ஒரு சாக்சன்காரன். நம்ம ஷாப்கோப் ஆடணும்னா நாலு பேர் வேணும். அவனுங்க ஸ்காட்டுக்கு மூணு பேர் போதும். ஒம்பது நாள் மழை. மனுஷன் எத்தன நாள்தான் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடப்பான்?"

கையில் காசில்லாமல் பெல்ட்டை வைத்திருக்கிறார். தோற்றுவிட்டார். ஜெயித்த பிரஷ்யாக்காரன் அதை எடுத்துக்கொண்டு, தன் பெல்ட்டைக் கழற்றி இவர் கட்டில் மேல் போட்டிருக்கிறான்.

"'பேன்ட்டப் பிடிச்சுக்கிட்டா ஊருக்குப் போவே, இத கட்டிக்கோ'ன்னான். தோத்தத மறந்துடுவேன் புர்கல். அவன் எரக்கப்பட்டான் பாரு, அதத்தான் மன்னிக்க முடியல."

புனிதநீரில் கை வைத்து யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு கோட்டுப் பொத்தானை வெயிலில்கூடக் கழற்றவில்லை. நீ ஒழுக்கம் என்று எழுதினாய். ஊரும் அப்படித்தான் சொன்னது.

இப்போது நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எல்ஃப்ரீடெ பெல்ட்டை வைத்து ஆடலாம் என்று சொன்னபோது நான் சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தேன். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்பா நடுங்கிப்போனார். அவருக்குக் கோபமே இல்லை, பயம். அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சூப் பானையைக் கழுவப் போய்விட்டேன். அப்பா போன பிறகும் இருபத்தைந்து வருஷம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதற்குப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டாயிற்று. "ஸ்காட்டா?" என்று மட்டும் கேட்டார்.

உன் பவேரிய மேசைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

புர்கல்


லூடன்ஷைட், 6 செப்டம்பர் 1987

புர்கல் அண்ணிக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பேரன் பேத்திகளின் எல்லா வெற்றிகளும் எனக்கு மனப்பாடம், இவர் சத்தமாகத்தான் படிப்பார்.

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து என்னமோ போல் ஒரு சத்தம். முழங்கால்தான் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் இருந்தார். நான் படித்த பிறகு எனக்கும் அதேதான்.

முப்பத்திரண்டு வருஷமாக அந்த ராத்திரியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். என் உச்சரிப்பா, என் சபையா, என் பாவாடையா என்று. பெல்ட் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

19ஆம் தேதி நானும் வரலாமா? சீட்டுக்கட்டு எடுத்து வரவா, வேண்டாமா, அதை மட்டும் எழுதுங்கள்.

எல்ஃப்ரீடெ


(தபால் அட்டை) 9 செப்டம்பர்

எல்ஃப்ரீடெ. எடுத்து வா. படுக்கை விரித்தாயிற்று. புர்கல்.


ஓபர்மூஸ்பாக், 21 செப்டம்பர் 1987

கண்ணு மக்தலேனா,

டியூட்டி என்று நீ வராமல் போனாயே, நடந்ததைக் கேள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

லீசல் தலையில் இரண்டடி உயர மலர்முடி, நடுவில் கண்ணாடி, ஊரே இரண்டு பக்கமும். பெல்ட் தெரியாமல் கழுத்தைச் சுற்றிப் பூ கட்டியிருந்தேன், பக்கிள் உள்பக்கம். சர்ச் வாசல்வரை நன்றாகத்தான் வந்தாள். அங்கே வீரர் சங்கத்துக் கிழவர்கள் கொடியோடு நிற்கிறார்கள். இவளுக்கு அங்கேதான் அரிப்பு வரவேண்டுமா? வேலிக் கம்பத்தில் கழுத்தை வைத்து நாலு தேய் தேய்த்தாள். பூ உதிர்ந்தது, பெல்ட் சுழன்றது, பக்கிள் வெளியே வந்து வெயிலில் நின்றது. சங்கத் தலைவர் வாஸ்டல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

உன் சின்னத் தாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கும் வாஸ்டலுக்கும் நடுவில் போய் நின்றார். எல்ஃப்ரீடெதான் பேசினாள்.

"எங்க ஊர் பக்கிள்தான். உங்க பழைய தலைவர் எங்க ஆளுகிட்ட ஸ்காட்ல தோத்துட்டாரு."

வாஸ்டல் நிமிர்ந்தார். "எத்தன பேர் ஆடினாங்க?"

"மூணு பேரு."

"மூணு பேர்னா என்ன பண்றது. ஷாப்கோப்புக்கு ஆள் பத்தாதே," என்றார். பிறகு என் காதருகே வந்து, "எங்கப்பா பெல்ட்ல இன்னும் சாக்சன்காரன் பேர் இருக்கு புர்கல். வெளிய சொல்லிடாத," என்றார்.

சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் அவள் சீட்டுக்கட்டை எடுத்தாள். நானும் ஆடினேன், அறுபத்தாறு வயதில் முதல் ஸ்காட். நான் என் நீல ஏப்ரனை வைத்தேன். தோற்றேன். அவள் என் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து தன் ஏப்ரனைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். "அடுப்புக்கிட்ட வெறும் பாவாடையோட நிக்கக் கூடாது அண்ணி" என்றாள். அந்த இரக்கத்தை நான் மன்னித்துவிட்டேன்.

பாட்டி


லூடன்ஷைட், 18 அக்டோபர் 1987

அன்புள்ள அக்கா,

கண்காட்சி முடிந்தது. முழங்கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவு நேரம் நின்றேன்.

பெல்ட்டைச் சுத்தம் செய்யவில்லை. லீசலின் முடி, உன் ஆணி ஓட்டை மூன்று, எல்லாம் அப்படியே. வைக்கும்போது ப்ளோகரிடம் கொண்டுபோனேன். "உங்கள் மேசையில் இடம் வேண்டும், இது பிரஷ்யாவினுடையது" என்றேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "எல்லாம் சரிதான் ஹெஃபெலே. ஆனா இது என்ன வாசனை?" என்றார். மாடு என்றேன். மரியாதையாக மோந்து பார்த்தார்.

அட்டையில் எழுதியது: "பிரஷ்யக் காலாட்படை பெல்ட். 1917 வரை பிரஷ்யாக்காரர் ஒருவரும், பிறகு பவேரியாக்காரர் ஒருவரும், கடைசி மூன்று கோடையில் லீசல் என்ற மாடும் அணிந்தது."

பவேரிய மேசையில் தோட்டாப் பையை ஓரமாக வைத்துவிட்டு நடுவைக் காலியாக விட்டேன். அங்கே நம் குடும்பப் பெயரோடு ஒரு அட்டை மட்டும்: "ஹெஃபெலேயின் பெல்ட். ஸ்காட்டில் தோற்றது. இன்னும் கிடைக்கவில்லை." மண்டபத்திலேயே கூட்டம் அதிகம் அந்தக் காலி இடத்துக்குத்தான். ஆளாளுக்கு வந்து, எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, உள்ளே பெயர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உள்பக்கம் மையில் "ஹாகெமான்" என்று இருக்கிறது. அப்படியானால் அப்பாவின் பெல்ட் இங்கேதான் எங்கேயோ ஒரு ஹாகெமான் வீட்டுப் பரணில் இருக்கவேண்டும். தொலைபேசிப் புத்தகத்தில் இந்த வட்டாரத்தில் மட்டும் நாற்பத்தொரு ஹாகெமான்கள். பதினேழு பேரைப் பார்த்தாயிற்று. எல்ஃப்ரீடெ வண்டி ஓட்டுகிறாள். கதவு திறந்ததும் அவள்தான் பேசுவாள், நான் பவேரியாக்காரன் என்பதால் பின்னால் நிற்கிறேன்.

ஆண்டெர்ல்


ஓபர்மூஸ்பாக், 1 நவம்பர் 1987

தம்பிக்கும் எல்ஃப்ரீடெக்கும்,

சகல புனிதர் நாள். காலையில் கல்லறைக்குப் போய் விளக்கு வைத்தேன். அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், எல்ஃப்ரீடெயின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான். மேலே கோட்டு போடவில்லை. குளிர்தான், இருந்தாலும் பொத்தான் போட்டு மூடுவது நம் வீட்டில் போதும் என்று தோன்றியது.

லீசல் கொட்டகையில் நலம். ஜூன் முதல் வாரத்துக்குள் பெல்ட் திரும்ப வரவேண்டும், இல்லாவிட்டால் முப்பத்தெட்டும் வாசலிலேயே நிற்கும். ஹாகெமான் வீட்டில் அப்பாவின் பெல்ட் கிடைத்தால் கேட்டுப் பிடுங்காதே. அவர்களும் எழுபது வருஷம் வைத்திருக்கிறார்கள். எல்ஃப்ரீடெ சீட்டாடி ஜெயிக்கட்டும்.

ஆஃப்ரா இப்போது உங்கள் கடிதங்களை வாசித்துக்காட்டுகிறாள், தடுமாறாமல். கோர்பினியான் கூடத்துச் சுவருக்குப் புதுப் போட்டோ சட்டம் செய்திருக்கிறான், ஓக் மரம், பழையதைவிட மூன்று மடங்கு. எதற்குப் பாட்டி இவ்வளவு பெரிசு என்றான். சொன்ன அளவில் செய் என்றேன். உன் பழைய படத்தை எடுத்துவிட்டு அதை மாட்டியாயிற்று. அப்பாவின் படத்துக்கு நேர் எதிரே, காலியாகத் தொங்குகிறது.

ஆகவே புதுப் போட்டோ ஒன்று எடுத்து உடனே தபாலில் போடுங்கள். இரண்டு பேரும் இருக்கவேண்டும். ஆண்டெர்ல், நீ ஓரமாக நில். எல்ஃப்ரீடெ நடுவில், என் நீல ஏப்ரனோடு.

புர்கல்